வரித்தலை வாத்து, தெற்குக் கரை

செம்பாக்கம்
11.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜான்சி எழுதுவது. புதன்கிழமை அம்மா உன்னைப் பார்க்க வந்தபோது நான் ஏன் வரவில்லை என்று கேட்டாயாம். சிறையில் கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள் என்று அம்மா சொன்னாள். எனக்குக் கத்த வராது. தையல் கடையில் மெஷின் சத்தத்துக்கு மேல் "நூல் தீர்ந்துபோச்சு" என்று சொல்வதற்கே எனக்குப் பாதிப் பொழுது ஆகிவிடும். போனும் உன்னோடு போலீசிடம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

கிட்டு அண்ணன் உடலைத் திங்கட்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் எடுத்துப்போகவில்லை. தெருவில் பந்தல் போட்டு வைத்திருந்தார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கணுக்காலில் வலை நூல் சுற்றிய தடம் அப்படியே இருந்தது. அம்மா மாலை வாங்கிக்கொண்டு போனாள். கங்கையம்மா அத்தை அதைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டுவிட்டாள். "உம் புள்ள உசுரோட கீறான் இல்ல? எம் புள்ள எங்கடி?" என்று கேட்டாள். அம்மா திரும்பி வந்துவிட்டாள்.

நீ கரையேறுவதற்காகக் கிட்டு அண்ணனைத் தண்ணீரில் தள்ளினாய் என்று அத்தை தெருவில் எல்லாரிடமும் சொல்கிறாள். அடுத்த மாதம் போலீஸ் விசாரணையில் அதையே எழுதிக் கொடுக்கப்போகிறாளாம். அப்படிக் கொடுத்தால் வாத்துக்கு வலை வைத்த வழக்கு கொலை வழக்காகிவிடும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பயமுறுத்துவதற்காக இல்லை.

வியாழக்கிழமை சுபத்ரா அக்கா வந்தார். நாவலூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து எனக்கு பைனாகுலர் கொடுத்துப் பறவை பார்க்கும் குழுவில் சேர்த்தவர், நீ "கண்ணாடிக்காரி" என்று கிண்டல் செய்வாயே, அவர்தான். கையில் கேக் இருந்தது. "குரூப்ல எல்லாரும் உன்னத்தான் பாராட்டுறாங்க ஜான்சி. உன் பதிவப் பாத்துதானே நாங்க அங்க போனோம்? இல்லன்னா வேட்டைக்காரங்க மாட்டியிருப்பாங்களா?" என்றார். பிடிபட்டது யார் என்று அவருக்குத் தெரியாது. அம்மாதான் உள்ளேயிருந்து வந்து, "அது எம் புள்ளம்மா" என்றாள். அக்கா கேக்கை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார். பிறகு போய்விட்டார். கேக்கை நாங்கள் தொடவில்லை. எறும்பு வந்துவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு அங்கே... வேண்டாம். நீ நன்றாக இரு. துண்டும் சோப்பும் அம்மா கொண்டுவருவாள்.

ஜான்சி

•

செங்கல்பட்டு
18.1.2025

ஜான்சி,

கடிதம் வந்தது. இங்கே படித்துப் பார்த்துவிட்டுத்தான் தருகிறார்கள். வார்டர் என் கையில் கொடுக்கும்போது, "உன் தங்கச்சி கையெழுத்து அச்சடிச்ச மாதிரி கீது. அந்த வூட்டுல நீ எப்டிப்பா பொறந்த?" என்றார். ஒன்பதாவதோடு நின்றவள் சார் என்றேன். நம்பவில்லை.

பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் போட்டார்கள். பசை மாதிரி இருந்தது. அதை வைத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டலாம். சிரித்தேன் என்று அம்மாவிடம் சொல்.

கிட்டுவைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றி இப்போது என்னால் எழுத முடியாது. கங்கையம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

நீ ஏதோ கேட்க வந்து நிறுத்திவிட்டாய். நான் கேட்கிறேன். இங்கே வேலை எதுவும் இல்லை, யோசிப்பதற்கு நேரம் நிறைய.

இருட்டோடு போய் நானும் அவனும் வலை கட்டினோம். ஆறு மணிக்கு வாத்துகள் வந்து இறங்கும் என்று உட்கார்ந்திருந்தோம். விடிந்துவிட்டது. நாமக்கோழிகள் நாலைந்து சுற்றிக்கொண்டிருந்தன. வேறு எதுவும் இல்லை. அந்தத் தண்ணீரில் வாத்து இறங்கிய அடையாளமே இல்லை. இறகு இல்லை, எச்சம் இல்லை. வரித்தலை வாத்து எவ்வளவு பெரிசு, முப்பது இருந்தால் கரை எப்படிக் கிடக்கும் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

சனிக்கிழமை மத்தியானம் நீ போனில் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். "வரித்தலை வாத்து, முப்பது, சித்தாலப்பாக்கம் ஏரி தெற்குக் கரை, காலை ஆறு மணி." ஆனால் அன்று காலை ஆறு மணிக்கு நீ வீட்டில்தான் இருந்தாய், பிறகு தையல் கடைக்குத்தான் போனாய். கேம்ப் ரோடு வரைக்கும் உன்னை வண்டியில் கொண்டுபோய் விட்டவன் நான். சித்தாலப்பாக்கத்துக்கு எப்போது போனாய்?

நீ பார்த்தாயா இல்லையா. அதை மட்டும் எழுது.

சுகுமார்

•

செம்பாக்கம்
23.1.2025

அண்ணா,

பார்க்கவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு இரண்டு நாளாகப் பேப்பரை மடித்து வைத்திருந்தேன். மற்றதையும் எழுதுகிறேன்.

குழுவில் சேர்ந்தபோது சுபத்ரா அக்கா ஒரு விதி சொன்னார். எந்தப் பறவையைப் பார்த்தாலும் அது எது, எத்தனை, எங்கே, எப்போது என்று நான்கையும் எழுத வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அது பதிவாகாது. எனக்கு அது பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் நான் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். இங்கே எழுந்து நிற்க வேண்டாம். ஏரிக்கரை வழியாகக் கடைக்கு நடக்கும்போது பார்த்ததை எழுதினால் போதும். போன் உன்னுடையது என்பதால் நீயும் படித்தாய். "இன்னா டீச்சர், இன்னிக்கு எத்தினி வாத்து?" என்று கிட்டு அண்ணன் கேட்பார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்த நான்கு விஷயங்களும் வலை கட்டுகிறவனுக்கும் வேண்டியவைதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டிசம்பரில் நான் எழுதிய இடத்திலெல்லாம் மறுநாள் வாத்து குறைந்தது. வடக்குக் கரையில் ஊசிவால் வாத்துகள் என்று எழுதினால் வடக்குக் கரை காலியாகிவிடும். நாய் துரத்தியிருக்கும் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நீ நாட்டுக்கோழி என்று கொண்டுவந்தாய். அம்மா மிளகு போட்டு வறுத்தாள். நானும் சாப்பிட்டேன். மறுநாள் குப்பை கொட்டும்போது பையில் ஒரு இறகு ஒட்டியிருந்தது. பச்சையாகப் பளபளக்கும் கிளுவை வாத்தின் இறகு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வலையையும் பார்த்தேன்.

உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "அண்ணா, வாத்து புடிக்காத" என்றேன். அதைச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியாது. நீ கிட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தாய். "இன்னாடி, வாத்து உனுக்கு மாமனாரா?" என்றாய். அவரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பதிவு எழுதுவதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீ கரையைச் சுற்றித் தேடியாவது வலை போட்டிருப்பாய். புது வருஷத்துக்குப் பிறகு நம் ஏரியில் நூறுக்கு மேல் ஊசிவால் வாத்துகள் வந்து இறங்கின. அவை நம் வீட்டு மாடியிலிருந்தே தெரியும். நீ ஞாயிற்றுக்கிழமை போவாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் சனிக்கிழமை காலையில் வலையை எடுத்து வெயிலில் போட்டிருந்தாய். அதனால் உன்னை வேறு ஏரிக்கு அனுப்பிவிட நினைத்தேன். ஒரு நாள் வெறுங்கையோடு திரும்பினால் சலித்துக்கொண்டு விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். கனமான வாத்தாக இருந்தால்தான் அவ்வளவு தூரம் போவாய் என்று வரித்தலை வாத்தின் பெயரைப் போட்டேன்.

நம் பக்கத்து ஏரிகளுக்கு அந்த வாத்து வருவது அபூர்வம். குழுவில் இருக்கும் பன்னிரண்டு பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நான் இத்தனை மாதம் எழுதிய எந்தப் பதிவுக்குக் கீழேயும் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. நான் எழுதுவதை நீ ஒருவன்தான் படிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுபத்ரா அக்கா திரும்பவும் வந்தார். வாசலிலேயே நின்று பேசினார். அங்கே வாத்து எதுவும் இல்லாததால் என் பதிவை உறுதிப்படாத பதிவு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம். "புள்ளிமூக்கு வாத்தப் பாத்துக் குழம்பிட்டியா ஜான்சி? ஆரம்பத்துல எல்லாருக்கும் நடக்கும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

ஜான்சி

•

செங்கல்பட்டு
28.1.2025

ஜான்சி,

ஒரு வார்த்தை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் போதும். வலையைக் கத்தரியால் வெட்டிப் போட்டிருந்தால் போதும். உன்னை அடித்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். அவன் உயிரோடு இருந்திருப்பான்.

வாயில்லாப் பூச்சி என்று உன்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் எழுதாதே.

•

செங்கல்பட்டு
6.2.2025

ஜான்சி,

எழுதாதே என்று சொன்னேன், நீயும் எழுதவில்லை. இந்த விஷயத்திலாவது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாய்.

என் பக்கத்தில் அந்தோணிசாமி என்று ஒரு பெரியவர் படுத்திருக்கிறார், மணல் வண்டி கேஸ். நான் தூக்கத்தில் பேசுகிறேனாம். "யாருப்பா கிட்டு? நைட்டெல்லாம் அவனக் கூப்டுகினே கீற. பேஜாரா போச்சு எனக்கு" என்றார். யாரிடமாவது சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்றும் சொன்னார். அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

ஆறரைக்கு மேல் ஆகியும் ஒன்றும் வரவில்லை. எனக்கு எரிச்சல். "வாடா போலாம், இங்க ஒண்ணும் கிடையாது" என்றேன். அவன்தான் எழுந்திருக்கவில்லை. "இர்ரா மச்சான். டீச்சர் சொன்னா கரீட்டாத்தான் இருக்கும். கொஞ்சம் லேட்டாவும், அவ்ளோதான்" என்றான். பீடியைப் பற்றவைத்தான். அது முடிவதற்குள் கரைமேல் ஆள்கள் வந்துவிட்டார்கள்.

யாரோ "ஏய், வலை" என்று சத்தம் போட்டார்கள். இரண்டு பேரும் ஓடினோம். நான் கோரைப் பக்கம், அவன் தண்ணீர்ப் பக்கம். வலையை விட மனசில்லாமல் இழுத்துக்கொண்டே போனான். அங்கே ஆகாயத்தாமரை தரை மாதிரி மூடிக் கிடக்கும். அதில் கால் வைத்தான். நான் கோரையைத் தாண்டிக் கரை ஏறிவிட்டேன். எதிரே ரோடு. வண்டி நிற்கிறது. சாவி என் கையில். திரும்பிப் பார்த்தேன், அவன் தலை தெரியவில்லை. கை மட்டும் வலையோடு மேலே வந்து போனது.

திரும்பி இறங்கினேன். பிடித்துவிட்டேன் ஜான்சி. சட்டைக் காலரைப் பிடித்தேன். வலை எங்கேயோ முள்ளில் மாட்டி அவனைக் கீழே இழுத்தது. கத்தி வைத்திருந்தால் அறுத்திருப்பேன். கரையில் நின்றவர்களைப் பார்த்து, "சார், ஒரு கை குடுங்க சார்" என்று கத்தினேன். மூன்று கால் ஸ்டாண்டில் கேமரா வைத்திருந்தார்கள். மெர்வின் என்று ஒருவனை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வீடியோ எடு, வீடியோ எடு" என்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை. நீச்சல் தெரியாதவர்களாக இருக்கலாம். பயந்திருக்கலாம். நானே வேறு யாருக்காகவும் இறங்கியிருக்க மாட்டேன்.

இப்போது கவனமாகப் படி. கங்கையம்மா என்ன எழுதிக் கொடுத்தாலும் கொடுக்கட்டும். நீ போய் அவளிடம் எதையும் சொல்லக்கூடாது. நான் ஒரு நாள் வெளியே வருவேன், வராமலும் போவேன். நீயும் அம்மாவும் அந்தத் தெருவில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். அந்தப் பதிவு பொய் என்று தெரிந்தால் உன்னை அவள் உயிரோடு விடமாட்டாள். விட்டாலும் தெரு விடாது. குழம்பிவிட்டாய் என்று உன் கண்ணாடிக்காரி சொல்கிறாள் இல்லையா, அப்படியே இருக்கட்டும். போனை எடுத்துப் படித்தவன் நான், வலை கட்டியவன் நான், அவனைக் கூட்டிப்போனவனும் நான். இதில் நீ இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. அது வேறு. சொன்னதைச் செய்.

சுகுமார்

•

செம்பாக்கம்
19.2.2025

அண்ணா,

திங்கட்கிழமை விசாரணை நடந்தது. நீ தள்ளினாய் என்று கங்கையம்மா அத்தை எழுதிக் கொடுக்கவில்லை. ஓடும்போது வலையில் மாட்டிக்கொண்டான் என்று மட்டும் சொல்லிக் கைநாட்டு வைத்திருக்கிறாள். மாதக் கடைசியில் ஜாமீன் கேட்கலாம் என்று வக்கீல் சொன்னார். அம்மா சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

அத்தை ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை நான்தான் உனக்கு எழுத வேண்டும். நீ சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் சுபத்ரா அக்காவைப் பார்த்து பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தேன். நான் குழம்பவில்லை, இல்லாததை எழுதினேன் என்றும், ஏன் எழுதினேன் என்றும் சொன்னேன். நீ கரையேறிய பிறகு திரும்பவும் இறங்கியது அந்த வீடியோவில் இருக்கும், அதைப் போலீசிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "அத மெர்வின் அழிச்சிட்டான்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. "நானும் அங்கதான் இருந்தேன் ஜான்சி" என்றார். "எனக்குத் தெரியும் அக்கா" என்றேன். என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது சரிதான்.

அங்கிருந்து நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் போய்விட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தால் போயிருக்கவே மாட்டேன்.

அத்தை வாசலில் உட்கார்ந்து இட்லி மாவைப் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். கிட்டு அண்ணன் பாக்கெட்டைப் பிடிக்க அத்தை ஊற்றுவாள், உனக்குத் தெரியும். இப்போது ஒரு குண்டானுக்குள் பாக்கெட்டை விரித்து நிறுத்திக்கொண்டு ஊற்றுகிறாள். பாதி வெளியே வழிகிறது. என்னைப் பார்த்துவிட்டு, "உனுக்கு மாவு கிடையாது, போ" என்றாள்.

"மாவு வேணாம் அத்தை."

"அப்ப இன்னாத்துக்கு வந்து நிக்கற?"

நான் உட்கார்ந்துவிட்டேன். நின்றுகொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது. பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்ன நினைத்தாளோ, ஊற்றினாள். பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நீ வாத்துக்கு வலை வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை, உன்னை அலையவைப்பதற்காக அந்த ஏரியில் வாத்து இருக்கிறது என்று போனில் போட்டேன், அதை நம்பித்தான் கிட்டு அண்ணனும் வந்தார் என்றேன். "அண்ணன் கரை ஏறிட்டான் அத்தை. வண்டி அங்கதான் இருந்துச்சு. கிட்டு அண்ணனுக்காகத்தான் திரும்ப எறங்கினான். சட்டையப் புடிச்சி இழுத்திருக்கான். வலை வுடல" என்றேன். நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அத்தை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரண்டியைக் குண்டானில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் சட்டைல காலர் கிழிஞ்சிருந்திச்சி" என்றாள். "ஆஸ்பத்திரில பையில போட்டுக் குடுத்தாங்க. நல்ல சட்ட, எப்டி கிழிஞ்சிதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

நான் பிடித்திருந்த பாக்கெட்டைக் கட்டிக் கீழே வைத்தேன்.

"இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றாள். சரி என்று எழுந்தேன். கை முழுக்க மாவு. அதைக் கழுவுவதற்குக்கூட அவள் தண்ணீர் தரமாட்டாள், நானும் கேட்க முடியாது. தெருக்குழாயில் இப்போது நாங்கள் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போகிறார்கள். அம்மா என்னிடம் பேசுகிறாள், ஆனால் என்னைப் பார்க்காமல் பேசுகிறாள். கோபித்துக்கொள்ளாதே. நீ சொன்னது எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் நீ தள்ளவில்லை. அது மட்டும் அந்தத் தெருவுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

இன்னும் ஒன்று. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நான் நாலு அடி வைத்ததும் அத்தை பின்னாலிருந்து கூப்பிட்டாள். குரல் கோபமாக இல்லை. மாவு புளித்துவிட்டதா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அப்ப அங்க வாத்தே இல்லியா?"

"இல்ல அத்தை."

"ஒண்ணுகூடவா?"

ஒன்றுகூட இல்லை என்றேன். அந்த ஏரியைப் பற்றி நான் சொன்ன கணக்குகளில் சரியானது அது ஒன்றுதான்.

ஜான்சி